கொத்து நடாத உளுந்து

கீழவடகரை,
28 ஏப்ரல் 2025

ராஜ்குமாருக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கி அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

உன் நம்பரை பிளாக் செய்திருக்கிறேன். உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுவேன், மீதியை நீ உன் இங்கிலீஷால் மூடிவிடுவாய். அதனால் காகிதம். நீயும் காகிதத்திலேயே எழுது. நாளைக்கு 'நான் அப்படிச் சொல்லவே இல்லை அக்கா' என்று நீ நழுவ முடியாது பார்.

உன் மாமாவை நேற்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டி பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. திருக்கடையூரில் அய்யர் போன் செய்து வேறு நாள் குறிக்கட்டுமா என்று கேட்டார். அப்பா போனை என்னிடம் நீட்டினார்.

எஃப்.ஐ.ஆரில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? 'முன்னே சென்ற காரை நெருங்கிப் பின்தொடர்ந்து, கவனக்குறைவாக ஓட்டி, தானே மோதிக் காயமடைந்தார்.' கால் போனவர் குற்றவாளி. வெறும் உளுந்துச் செடியைப் பார்த்து மிரண்டு நடுரோட்டில் நின்ற உன் கார் நிரபராதி! அறுவடை நாளில் சாலையில் செடி கிடக்கும், வண்டி அதன் மேல் ஏறிப் போகும், நெற்று வெடிக்கும். இது இந்தப் பக்கத்து ஆடு மாட்டுக்குக் கூடத் தெரியும். துரைராசு அண்ணன் இருபது வருஷமாக இந்த ரூட்டில் பஸ் ஓட்டுகிறார். ஒரு நாள் செடியைப் பார்த்து பிரேக் போட்டிருப்பாரா? தானே ஓட்டிக்கொள்ளும் உன் கம்பெனிக் காருக்குப் பன்னிரண்டு கேமராக் கண் என்று பீற்றிக்கொண்டாயே, பன்னிரண்டும் குருடு.

தாம்பூலத்துக்கு வெற்றிலை வாங்க நீடாமங்கலம் போனவர், அங்கே உன்னைப் பார்த்த சந்தோஷத்தில் உன் பின்னாலேயே வந்தார். நான் தெற்கு வரப்பில் நின்றிருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தால், பைக்குக்கும் உன் பம்பருக்கும் நடுவில் அவர் கால். செடி முழுக்க வெற்றிலை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஜூன் 12 விசாரணை. அதற்குள், 'கார் காரணமில்லாமல் நின்றது, என் அக்கா கணவர் பரணிதரன் மேல் தப்பில்லை' என்று உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம். நலமா என்று கேட்காதே.

ஷோபனா


பெங்களூரு,
6 மே 2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இந்த விஷயத்தைப் பற்றி போனிலோ மெயிலிலோ யாரிடமும் பேசக்கூடாது என்று கம்பெனி வக்கீல் சொல்லியிருக்கிறார். தபால் என்று ஒன்று இருப்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்பதை என்னால் எழுதித் தர முடியாது. கார் காரணமில்லாமல் நிற்கவில்லை.

கோபத்தை ஒதுக்கிவிட்டுச் சிலவற்றை யோசித்துப் பார். பொதுச் சாலையில் பயிரைக் கொட்டுவது குற்றம். செடி மேல் பிரேக் போட்டால் பைக் வழுக்கும் என்பது மாமாவுக்குத் தெரியும். அவர் என் காருக்குப் பின்னால் இரண்டு முழம்கூட இடம் விடாமல் வந்தார். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன், சிரித்துக்கொண்டு கையைக் காட்டினார். ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்திருந்தார். நாங்கள் செய்யும் காரின் முதல் விதியே முன்னால் போகும் வண்டிக்கு இடம் விடு என்பதுதான். பின்னால் வந்தது எங்கள் காராக இருந்திருந்தால் மாமாவுக்குக் கால் இருந்திருக்கும். இதைச் சொன்னால் உனக்கு வலிக்கும். ஆனாலும் உண்மை.

இந்த நாட்டில் வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் சாலையில் சாகிறார்கள். அவர்களை எந்த மெஷினும் கொல்லவில்லை. தூங்கிப்போன டிரைவர், குடித்த டிரைவர், போனில் பேசிய டிரைவர். எல்லாரும் இரண்டு கண் உள்ளவர்கள்தான். துரைராசு அண்ணன் பஸ் ஒருமுறை பாமணி ஆற்றுப் பாலத்துச் சுவரில் ஏறி நின்றதே, மறந்துவிட்டாயா? அன்று நீ அவரைக் குருடர் என்று சொல்லவில்லை. பாவம், அசதி என்றாய். மெஷினுக்கு மட்டும் பாவம் கிடையாது.

ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மூன்று நாள் வெளியே உட்கார்ந்திருந்தேன். நீ என்னை உள்ளே விடவில்லை. அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

போலீசிடமும் நீ தெற்கு வரப்பில் நின்றதாகச் சொல்லியிருக்கிறாய். இருக்கட்டும். நான் அதற்குள் போக விரும்பவில்லை. நீயும் என்னை அங்கே இழுக்காதே.

ராஜ்குமார்


கீழவடகரை,
14 மே 2025

ராஜ்குமாருக்கு,

குற்றமாம் குற்றம்! நம் ஊர்க் களம் எங்கே இருந்தது என்று உனக்குத் தெரியாதா? சாலையை அகலப்படுத்துகிறேன் என்று அதன் மேல்தான் தாரை ஊற்றினார்கள். நீங்கள் களத்தில் சாலை போட்டால் நாங்கள் சாலையில் களம் போடுகிறோம். அந்த உளுந்தில் படித்தவன்தானே நீ? உன் இன்ஜினியரிங் சீட்டுக்கு அப்பா எத்தனை மூட்டை அனுப்பினார் என்று நான் சொல்லிக் காட்டப் போவதில்லை. நீயே யோசி.

உங்கள் விதியைச் சொன்னாய். எங்கள் விதியையும் கேட்டுக்கொள். செடிக்குள் இறங்கிப் புரட்டும்போது ஓரத்தில் நாலு கல்லை அடுக்கி அதில் ஒரு பூவரசங் கொத்தை நட்டு வைப்போம். கொத்து நின்றால் உள்ளே ஆள் இருக்கிறது, ஒதுங்கிப் போக வேண்டும். கொத்து இல்லாவிட்டால் ஏறிப் போகலாம், எங்களுக்கும் உபகாரம். சட்டப் புத்தகத்தில் இது இருக்காது. ஆனால் மீன் வண்டிக்காரன் முதல் கலெக்டர் டிரைவர் வரை எல்லாருக்கும் தெரியும். இதை உன் மெஷினுக்கு நீ சொல்லிக் கொடுத்தாயா? இந்த மண்ணில் பிறந்தவன் என்றுதானே உன்னை அந்த வேலையில் வைத்திருக்கிறார்கள்?

அன்று கொத்து இல்லை. ஊரே பார்த்தது. கொத்து இல்லாத செடியில் நின்றது உன் காரின் தப்பு. அவ்வளவுதான் கணக்கு.

இன்னொன்று. மாமா நேற்றுதான் வாய் திறந்து பேசினார். நீ கேட்டுப் பதில் சொல்லு. "ஷோபனா, வர்ற வழியில ரெண்டு எடத்துல செடி கெடந்துச்சு. ரெண்டுலயும் ஜம்முன்னு ஏறிப் போனான். அதான் மூணாவதுலயும் போவான்னு ஒட்டியே வந்தேன். நம்ம செடிய பாத்து மட்டும் ஏன் நின்னான்?" இதை அவர் கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குத் தேவலை. ஏதோ கணக்குப் புரியாத பிள்ளை மாதிரி கேட்டார்.

இரண்டு இடத்தில் ஏறிய கார் மூன்றாவதில் ஏன் நின்றது? உன் மெஷினுக்குப் புத்தி இப்படியும் அப்படியுமா வேலை செய்கிறது? அதைத்தான் நம்பி நாளைக்கு ஊர்ப் பிள்ளைகளை உட்கார வைத்து அனுப்பப் போகிறாயா?

முத்துப்பேட்டை இப்ராஹிம் பாய் வந்து பார்த்துவிட்டுப் போனார். அன்று எதிரே மீன் வண்டியில் வந்தவர், ஐஸ் பெட்டிகளை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டு இவரை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூருக்குப் பறந்தவர். அவருக்கு இருக்கிற மனசு கூடப்பிறந்த உனக்கு இல்லை. என்னிடம் ஏதோ பேச வந்தார். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஷோபனா


பெங்களூரு,
23 மே 2025

அக்கா,

மாமா கேட்டதற்கு மட்டும் பதில்.

முதல் இரண்டு இடத்திலும் கார் நிற்கத்தான் பார்த்தது. தூரத்திலேயே செடியைக் கண்டு மெதுவாக வேகத்தைக் குறைத்தது. நான் ஆக்ஸிலரேட்டரை மிதித்து ஏற வைத்தேன். அப்படி மிதிக்க எனக்கு அனுமதி உண்டு. டிரைவர் சீட்டில் ஓர் ஆள் இருப்பதே அதற்குத்தான். எங்கள் ஊர்ச் செடி, எனக்குத் தெரியாதா என்ற திமிர். பின்னால் மாமா வேறு வருகிறார், இவர் பார்க்கக் கார் முழிக்கக் கூடாது என்ற வெட்கம்.

ஆகவே அவர் நம்பியது காரை இல்லை, என்னை. இதை அவரிடம் சொல். அல்லது சொல்லாதே. உன் இஷ்டம்.

மூன்றாவது இடத்தைப் பற்றிக் கேட்காதே. முழு பிரேக் பிடித்தது. காரில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. எந்தக் கண் எதைப் பார்த்தது, யார் கால் எதை மிதித்தது, எல்லாம். விசாரணையில் கம்பெனி அந்த வீடியோவைக் காட்டப் போகிறது. அதற்கு முன்னால் நான் ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நாலு தடவை கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள். போட்டால் எனக்கு ஒரு கெடுதலும் வராது. மாமா மேல் எழுதியது அப்படியே நிற்கும். இன்னும் போடவில்லை.

கொத்தைப் பற்றிப் பாடம் எடுத்தாயே, அன்று கொத்து ஏன் இல்லை என்று நீ உன்னைக் கேட்டுக்கொண்டாயா? இப்ராஹிம் பாய்க்கு டீ கொடுத்து வாயை அடைத்தால் வீடியோவுக்கு என்ன கொடுப்பாய்?

ராஜ்குமார்


கீழவடகரை,
29 மே 2025

மிரட்டுகிறாயா?

கூடப்பிறந்தவளை மிரட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாய். வீடியோவில் என்ன இருந்தாலும் இருக்கட்டும், என்ன இருக்கிறது என்று எழுது. சுற்றி வளைக்காதே. நீ எழுதவில்லை என்றால் 12ஆம் தேதி எல்லார் முன்னாலும் நானே கேட்பேன்.

இவருக்குக் கட்டுப் பிரிக்கிற நாள். இதற்கு மேல் எழுத நேரமில்லை.

ஷோ.


பெங்களூரு,
4 ஜூன் 2025

அக்கா,

வீடியோ பதினோரு விநாடி. கீழே எழுதுவதில் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

முதலில் சாலை. பிறகு செடி, சாலையின் பாதி அகலத்துக்கு. கல் இருக்கிறது, கொத்து இல்லை. செடிக்கு நடுவே கொஞ்சம் மேடாக ஒன்று தெரிகிறது. காய்ந்த செடியின் நிறத்தில் ஒரு துண்டு, அதற்குக் கீழே பாசிப் பச்சை. ஆறாவது விநாடியில் அந்த மேடு அசைகிறது. அது உன் முதுகு. நீ குனிந்து உட்கார்ந்து செடியைப் புரட்டிக்கொண்டிருக்கிறாய். கார் நிற்கிறது. நீ திரும்பிப் பார்க்கிறாய். உனக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முறம் வைக்கும் இடம்தான்.

அதற்கு அடுத்த விநாடியில்தான் பின்னால் மாமா மோதினார். நீ எழுந்து காரைச் சுற்றிப் பின்பக்கம் ஓடுகிறாய். வரப்பிலிருந்து நீ ஓடிவரவில்லை.

கார் உன்னைப் பார்த்துவிட்டது என்று கம்பெனி சொல்லப் போகிறது. 'ஓர் உயிரைக் காப்பாற்றிய கார்' என்று பெரிய திரையில் போடப் போகிறார்கள். அதுவும் பொய். பதிவில் அது உன்னை மனுஷி என்று எழுதவில்லை. 'தெரியாத பொருள்' என்று எழுதியிருக்கிறது. என்ன என்று தெரியவில்லை, அதனால் நின்றது.

இனிமேல் எழுதப் போவதை வக்கீல்கூட என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மேஜையில் தாளைத் திருப்பிவைத்து விரலால் காட்டினார். கார் பிரேக் பிடித்த அரை விநாடியில் நான் ஆக்ஸிலரேட்டரை மிதித்திருக்கிறேன். முந்தைய இரண்டு இடம் மாதிரி மெதுவாக இல்லை, எரிச்சலில் தரை வரைக்கும். என் கண் கண்ணாடியில் மாமா மேல் இருந்தது. கார் என் காலுக்குக் கட்டுப்படவில்லை. முழு பிரேக் பிடித்த முதல் சில விநாடிகள் டிரைவரின் காலை மதிக்காதே என்று அதற்கு ஒரு விதி இருக்கிறது.

அந்த விதியை எடுத்துவிட வேண்டும் என்று பிப்ரவரியில் ஆபீசில் சண்டை போட்டு எழுதிக் கொடுத்தவன் நான். 'டெல்டா சாலைகளை அந்த ஊர்க்காரன்தான் அறிவான், கடைசி வார்த்தை டிரைவருடையதாக இருக்க வேண்டும்' என்று எழுதினேன். நல்ல வேளை, தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள்.

கொத்தைச் சொல்லிக் கொடுத்தாயா என்று கேட்டாய். அதற்காகத்தான் அந்தக் காரை நம் பக்கம் கொண்டுவந்தேன். கொத்து இருந்தால் ஒதுங்கு, கொத்து இல்லாவிட்டால் ஏறு. எழுதி முடித்து வைத்திருந்தேன். மே மாதம் எல்லாக் காரிலும் ஏற்றுவதாக இருந்தது. இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது.

நான் மிதித்தது கம்பெனி அறிக்கையில் இல்லை. நீ உள்ளே இருந்ததை நான் அன்றே போலீசிடம் சொல்லியிருந்தால் மாமாவின் கால் உன்னால் போனது என்று ஊர் பேசியிருக்கும். சொல்லாததால் அவர் குற்றவாளி ஆனார். இந்த இரண்டுக்கும் நடுவில் உன் வசவை வாங்கிக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது. அந்தச் சாக்கில் என் காலையும் ஒளித்துக்கொண்டேன். அதுதான் உண்மை.

ஒவ்வொரு நாளும் அந்தப் பதினோரு விநாடியைப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது அக்கா.

ராஜ்குமார்


கீழவடகரை,
8 ஜூன் 2025

தம்பிக்கு,

தம்பி என்று எழுதியதால் சமாதானம் என்று நினைக்காதே. இல்லை.

கொத்தை நட்டேன். விடிந்ததிலிருந்து இருந்தது. நான் இறங்கிப் புரட்டுவதும் ஏறுவதுமாக இருந்ததால் எடுக்கவில்லை. கொத்தைப் பார்த்து வந்த வண்டியெல்லாம் ஒதுங்கியே போனது. பத்து மணி வரைக்கும் ஒரு நெற்று வெடிக்கவில்லை. வானம் மூட்டம் போட்டிருந்தது. அடுத்த நாள் விடியற்காலையில் திருக்கடையூருக்குக் கிளம்ப வேண்டும். ஒரு மழை பெய்தால் அவ்வளவும் முளைத்துப்போகும். ஆத்திரத்தில் கொத்தைப் பிடுங்கி வாய்க்காலில் வீசினேன். வண்டிகள் ஏற ஆரம்பித்தன. அடிச்செடி மட்டும் பச்சையாகக் கிடந்தது. ரெண்டு நிமிஷம்தானே, வண்டி வந்தால் சத்தம் கேட்காதா என்று இறங்கிவிட்டேன்.

பைக் சத்தம் மட்டும் கேட்டது, பைக்தானே, ஒதுங்கிப் போய்விடும் என்று நிமிரவில்லை. உன் காருக்குச் சத்தமே இல்லை. அதை மட்டும் உன் முதலாளிகளிடம் சொல்லு. ஒரு மாட்டு வண்டிக்குக்கூடச் சத்தம் இருக்கும். பெட்ரோல் இல்லாத வண்டி என்று பெருமைப்படுகிறீர்கள், பேய் மாதிரி வந்து நிற்கிறது.

நான் திரும்பினபோது கண்ணாடிக்குப் பின்னால் உன் முகம் தெரிந்தது. நீ என்னைப் பார்க்கவில்லை. மேலே எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். எத்தனையோ நாள் அந்தச் சிரிப்பை நினைத்து உன்னைச் சபித்திருக்கிறேன். இப்போது நீ மிதித்ததையும் சேர்த்துக்கொள்கிறேன். என்னை ஏற்றிக் கொல்ல மிதித்திருக்கிறாய். தெரியாமல்தான். ஆனாலும் மிதித்தாய். இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

உன் கடிதத்தை நேற்று மாமாவுக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். ஓர் இடத்தையும் தாண்டவில்லை. கொத்தைப் பிடுங்கியதையும் சொன்னேன்.

"அப்ப என் கால் போனதுக்கு நான் யார் மேலயும் கோவப்பட முடியாதா?" என்றார்.

"என் மேல கோவப்படுங்க" என்றேன்.

"ஒன் மேல பட்டா நீ அங்கயே செத்திருக்கணும்னு ஆயிடும். அவன் மேல பட்டா, அவன் மிதிச்சத காரு கேக்கல. அந்தக் காரு மேல படலாம்னா அது ஒன்ன விட்டுவச்சிருக்கு. போ, போய் வேலையப் பாரு."

சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்று காலை நான் பக்கத்தில் நிற்க, இஞ்சித் துவையல் வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டார்.

12ஆம் தேதி நான் விசாரணைக்குப் போகிறேன். வரப்பில் நின்றேன் என்று சொன்னது பொய், கொத்தைப் பிடுங்கியது நான், செடிக்குள் இருந்தது நான் என்று சொல்லப் போகிறேன். ஊர் பேசட்டும். இப்ராஹிம் பாய் சாட்சிக்கு வருகிறேன் என்றார். இந்தத் தடவை அவரைப் பேச விட்டேன்.

உன் காலைப் பற்றி நீ வந்து சொல். கம்பெனி அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு இந்த வீட்டு வாசலை மிதிக்காதே. போடாமல் வேலை போனால் போகட்டும், வயல் இருக்கிறது. மாமா முன்னால் போன ஆளை நம்பி ஒட்டி வந்தார். அது தப்புதான். ஆனால் அது ஒன்றுதான் தப்பு என்று எழுதியிருக்கிறதே, அதை அழித்தாக வேண்டும். எழுத வேண்டியது மூன்று தப்பு.

பஸ்ஸில் வா. துரைராசு அண்ணன் வண்டி எட்டேகாலுக்கு நீடாமங்கலம் ஸ்டேஷனில் நிற்கும். சோறு போடுவேன். பேசுவேனா என்று தெரியாது.

மறந்துவிட்டேனே, ஒன்று. உன் மேஜையில் இருக்கிறதே அந்தக் கொத்து விதி, அதைக் கிழித்துப் போடு. நான் கேட்டதுதான். ஏன் சொல்லிக் கொடுக்கவில்லை என்று உன்னைத் திட்டியதும் நான்தான். இப்போது சொல்கிறேன், அதைக் காருக்குச் சொல்லிக் கொடுக்காதே. கொத்து இல்லை என்றால் ஆள் இல்லை என்று அது நம்பிவிடும். அவசரத்தில் கொத்தைப் பிடுங்குகிறவள் ஊருக்கு ஒருத்தி இருப்பாள்.

ஷோபனா